ஐந்தாம் ஆண்டுப் பலகை

ரோஷ்னி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். பலகைகளின் பலத்தைக் காட்டும் கோடு நான்கு வருடம் நேராக வந்து ஐந்தாம் வருடத்தில் பொத்தென்று விழுந்திருந்தது.

தலைநகர் சுவாவிலுள்ள ஆய்வகத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருவாள். எங்கள் தீவுக் கரையில் இரும்புச் சட்டத்தில் சாய்த்துக் கட்டியிருக்கும் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒன்றைக் கழற்றிக்கொண்டுபோய் உடைத்துப் பார்ப்பாள். இந்த வருடம் மட்டும் முடிவோடு மறுபடியும் வந்திருந்தாள். வெயிலும் உப்புக்காற்றும் எவ்வளவு பலத்தைத் தின்றிருக்கின்றன என்று தெரிய வேண்டும். அந்தச் சட்டத்துக்குக் காவல் நான்.

பலகை தேறினால் எங்களுக்கு அதே பலகையில் படகுத்துறை. பழைய மரத்துறையைப் புழு அரித்துவிட்டது. பிள்ளைத்தாச்சிகளை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டுபோய்ப் படகேற்றுகிறோம். போன மாதம் என் மகளையும் அப்படித்தான் தூக்கிப்போனேன்.

"கடைசிப் பலகைல மட்டும் ஏதோ கோளாறுண்ணே. வார்க்கும்போதே குறை இருந்திருக்கும். அத விட்டுட்டு துறைக்கு இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்," என்றாள் ரோஷ்னி.

துறை வரப்போகிறதென்று ஊரார் குழியடுப்பில் பன்றியே வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் இருந்தால் போதும்.

"பலகைல கோளாறு இல்ல தங்கச்சி," என்றேன். "இந்த வருஷம் என் பொண்டாட்டி ஊர்ல இல்ல."

சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

சொன்னேன். ஊரிலேயே நல்ல வெயில் விழுவது அந்தச் சட்டத்தில்தான். பாய் முடைய வேகவைத்த தாழை ஓலையை என் மனைவி வசேமதா நான்கு வருடமும் அதன்மேல்தான் காயப்போட்டாள். ஊருக்கே பாய் முடைகிறவள், ஓலை ஓயாமல் கிடந்தது. ரோஷ்னி வருவதற்கு முந்தின நாள் மட்டும் நான் அத்தனையையும் வாரி ஒளித்துவைப்பேன். கொஞ்சம் நிழலில் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன். போன வருடம் வசேமதா ஆஸ்திரேலியாவுக்கு முதியோர் இல்ல வேலைக்குப் போனாள். பலகைகள் முதல்முறையாக வெயிலைப் பார்த்தன.

ரோஷ்னி திட்டவில்லை. ஒரே வருட வெயிலுக்கு இப்படியென்றால் இந்தப் பலகை துறைக்கு ஆகாது, வேறு பூச்சுக் கொடுத்து முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றாள். பேனாவை மூடிப் பையில் போட்டாள். வசேமதா திரும்பி வந்ததும் ஓலைக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கச் சொன்னாள்.

தலையாட்டினேன்.

இன்னும் மூன்று வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டதாக வசேமதா அன்று காலையில்தான் போனில் சொல்லியிருந்தாள். ஊருக்குத் துறை இல்லாமல் போகிற உண்மையைச் சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.