எட்டாம் நம்பர் ஒயர்

"இன்னிக்கே அவள வேலைய விட்டு நிறுத்துங்க!"

ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பரிதா ஆரம்பித்துவிட்டாள். வில்லியனூர் மளிகைக் கடை புருஷன் ஷேக் மைதீன் பேரில். அதிகாரம் பரிதாவின் போனில். வூட்டிலிருந்தே கேமராவில் கடை முழுக்கப் பார்ப்பாள். வேலைக்காரர்கள் யாராவது உட்கார்ந்தால் உடனே போன் வரும். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

"தெனம் மத்தியானம் குடோன் கேமரா மட்டும் கறுப்பா போவுது. அந்த நேரம் குடோன்ல யாரு? சின்னபொண்ணு! முந்திரிப் பருப்பு எங்க இருக்கு? குடோன்ல!"

நின்றபடியே பருப்பு புடைத்துக்கொண்டிருந்த சின்னபொண்ணு முறத்தை வைத்துவிட்டு, வீங்கின முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஷின் பழசு பரிதா. அதுக்கும் வயசாவுதில்ல?" என்றார் ஷேக் மைதீன்.

"உங்களக் கேக்கல. ஷாரிக், நீ பாருடா."

கூடவே ஆட்டோவில் வந்த ஷாரிக்தான் அந்தக் கடைக்குக் கேமராவும் நெட்டும் மாட்டினவன். குடோன் சுவரில் இருந்த சுவிட்ச் டப்பாவோடு லேப்டாப்பை இணைத்தான். கேமரா, பில் மிஷின் எல்லா ஒயரும் வந்து சேருகிற டப்பா அது. எது வந்தது, எது போனது என்று வாட்ச்மேன் மாதிரி தானே எழுதி வைத்துக்கொள்ளும்.

"இன்னாடா சொல்லுது?"

"கரண்டு போயிருந்தா 'இப்பதான் முழிச்சேன்'னு எழுதியிருக்கும் மாமி. அப்படி இல்ல. குடோன் கேமராவோட எட்டாம் நம்பர் ஒயர் மட்டும் போச்சு, அப்பால வந்துச்சு. தெனம் அதே கத. எலி கடிச்சிருந்தா போனது திரும்பாது. யாரோ கையால புடுங்கி, திரும்பச் சொருகுறாங்க."

"எலி இல்லடா, பெருச்சாளி!" பரிதா சின்னபொண்ணு பக்கம் திரும்பினாள். "நாளையிலேருந்து வராத."

சின்னபொண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவ இல்ல. நான்தான்," என்றார் ஷேக் மைதீன்.

"நீங்களா? எதுக்கு?"

தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அது... அல்வா. நீ பாக்காம ஒரே ஒரு துண்டு..."

"சக்கர முன்னூறுல நிக்குது, அல்வாவா கேக்குது?"

ஷாரிக் லேப்டாப்பைப் பார்த்தான், ஷேக் மைதீனைப் பார்த்தான்.

பரிதா போட்ட போட்டில், உப்பு வாங்க வந்தவர்கள் உப்பை மறந்து நின்றார்கள். இனி டீயில் சர்க்கரை கிடையாது, ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி என்று தீர்ப்பானது. "மனசுல வெச்சுக்காத சின்னபொண்ணு, தப்பா நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாள்.

ஷாரிக் மெல்ல நெருங்கினான்.

"மாமா, போன வெள்ளிக்கிழம ஜும்மா நேரத்துலயும் அந்த ஒயர் போயிருக்கு. அப்ப நீங்க பள்ளிவாசல்ல எம்பக்கத்துலதான நின்னீங்க? குடோன்ல யாரு புடுங்குனது?"

சர்க்கரை இல்லாத டீயை ஒரு வாய் குடித்த ஷேக் மைதீன், வேப்பெண்ணெய் குடித்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

"காலையிலேருந்து நிக்கிறாடா. அந்த முட்டியப் பாத்தியா? செத்த நேரம் உக்காரட்டும்னு உங்க மாமிகிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்ல. அதான், எந்த ஒயரப் புடுங்கிட்டு உக்காரணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."