கயித்தானம்மாளுக்கு அஞ்சு ஓட்டு

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆறாவதோடு நின்றவள் நான்.

பாப்பரசரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எங்கள் புன்னக்காயல் பெண்களுக்கு விளக்க, பாளையங்கோட்டையிலிருந்து சரித்திரப் பேராசிரியர் ஜெபசீலன் வந்திருந்தார். என் வீட்டு முற்றத்தில்தான் கூட்டம்.

“நம்ம பாப்பரசரைப் பத்தி, பாப்பரசரே இல்லாத சி.எஸ்.ஐ. சபைக்காரர் சொல்லுதாராக்கும்!” என்றாள் பக்கத்து வீட்டுக் கயித்தானம்மாள் மைனி. பத்து வருஷமாக எங்கள் ஜெபக்குழுத் தலைவி அவள்தான்.

சார் சிரித்தார். “கர்தினால்மார் தங்கள் கையெழுத்து தெரியாதபடி சீட்டு எழுதுவாங்கம்மா. எண்ணினதும் எரிச்சிருவாங்க. பின்னால மனஸ்தாபம் வரக்கூடாதுல்லா? புதுப் பாப்பரசர் வந்தாச்சுன்னு ஊருக்குச் சொல்லுறதும் அந்தப் புகைதான்.”

“நம்ம தலைவி தேர்தலையும் இப்படியே வைப்போமே!” என்றாள் ஸ்டெபி. இந்தத் தடவை தலைவி பதவிக்கு மைனிக்கு எதிராக நின்றவள் அவள்.

பதினோரு பேரும் எழுதினோம். சார் எண்ணிய கையோடு சீட்டுகளை மண்சட்டியில் போட்டுப் பற்றவைத்தார்.

“ஸ்டெபிக்கு ஆறு. கயித்தானம்மாளுக்கு அஞ்சு.”

புகை நிறைய வரட்டுமே என்று, பாத்திரம் விளக்கும் ஈர நாரை அள்ளிப் போட்டேன். பிள்ளைகள் “பாப்பரசி வந்தாச்சு!” என்று கத்தின.

மைனி முகம் கறுத்துவிட்டது. ஆளாளுக்கு அவள் காதில், “நான் உனக்குத்தான் போட்டேன்” என்றோம். நானும்தான். பக்கத்து வீட்டுக்காரியைப் பகைக்க முடியுமா?

மைனி விரல்விட்டு எண்ணினாள்.

“ஒம்பது பேரு எனக்குப் போட்டேங்காளுவ. என்னோடது ஒண்ணு. அஞ்சுன்னு எப்படிச் சொன்னீரு? அதுக்குத்தான் எரிச்சீரோ? இரும், பங்குச்சாமியக் கூட்டியாரேன்!”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சட்டியைக் கழுவ எடுத்தேன். ஈரத்தில் தீ அணைந்து, நாருக்கடியில் சீட்டுகள் ஓரம் மட்டும் கருகிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு மைனி பின்னால் ஓடினேன்.

“மைனி, நான் பொய் சொல்லிட்டேன். ஸ்டெபிக்குத்தான் போட்டேன்.”

முறைத்தாள். பிறகு பைய முகம் தெளிந்தது.

“ஏட்டி பிரகாசி, அப்போ உன்ன மாதிரி இன்னும் நாலு மூதி பொய் சொல்லியிருக்கு. போகட்டும். மத்த நாலு பேராவது மனசாரப் போட்டிருக்காளுவல்லா, அது போதும்.”

திரும்பி வந்து, அவளே சாருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

அந்த நேரத்தில் நான் சீட்டுகளை அடுப்பில் போட்டேன். பத்தில் ஸ்டெபி பெயர். ஒன்றே ஒன்றில் மைனி பெயர், மைனியின் கையெழுத்திலேயே.

கடைசிச் சீட்டும் சாம்பலாகும்வரை அடுப்படியை விட்டு நான் நகரவில்லை.