திரை எழுதாத பதில்

கோவை மாநாட்டில் ஆளுக்கு ஆறே நிமிடம்தான். பேச்சாளர் வாய் திறக்குமுன்பே அடுத்த வரியைப் பின்னாலிருக்கும் திரை எழுதிவிடும். ஒத்திகைகளைக் கேட்டுக் கேட்டு அது பழகியிருந்தது.

குழந்தையின் மூச்சைக் கண்காணிக்கும் தொட்டிலைப் பற்றி, அதை வடிவமைத்த ஆபிதா பேசிக்கொண்டிருந்தாள். நான்காம் நிமிடத்தில் நாக்கு தயங்கியது. முதல் ஒத்திகையில் அந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. "அது வேணாம்மா, கம்பெனியே மூழ்கிடும்" என்று முதலாளி இன்பராஜ் எடுக்கச் சொன்ன வரி.

அரங்கம் சட்டென்று அடங்கியது. ஆபிதா திரும்பித் திரையைப் பார்த்தாள்.

'மூன்று வீடுகளில் தொட்டில் எச்சரிக்கவில்லை. மூன்று குழந்தைகளும் இறந்துவிட்டன.'

முன்வரிசையிலிருந்து இன்பராஜ் எழுந்தேவிட்டார். "மெஷின் தப்பா எழுதிருச்சுன்னு சொல்லும்மா. சொல்லு!"

அவள் மைக்கை இறுகப் பிடித்தாள். அதற்குள் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"எம்புள்ள இப்ப அதுலதாங்க தூங்குது. திரையில வந்தது தப்புதானுங்களே?"

எந்த ஒத்திகையிலும் யாரும் கேட்காத கேள்வி. திரை வெறுமையாக நின்றது.

"வீட்டுக்குப் போன் போடுங்க," என்றாள் ஆபிதா. "குழந்தைய உடனே வெளிய தூக்கச் சொல்லுங்க."