ஒரே ஒரு ஸ்டார்

"அஞ்சு பொம்மைக்கும் கழுத்து திரும்பல, கத்தி நிக்கலன்னு எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு பெட்டியக்கூடப் பிரிக்கவே இல்லையேம்மா!"

கீதாஞ்சலியின் குரல் அவளை அறியாமலே உயர்ந்துவிட்டது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய அந்தச் சின்ன வீட்டின் அலமாரியில் ஐந்து பெட்டிகளும் வரிசையாக நின்றன. ஒட்டிய டேப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

எதிரே நின்ற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கீதாஞ்சலியும் அவள் கணவன் மணிவேலும் வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு இணையத்தில் பொம்மைக் கடை நடத்தினார்கள். குழந்தைகள் விளையாடும் பொம்மை இல்லை. கார்ட்டூன் தொடர்களில் வரும் வீரர்களை அச்சு அசலாகச் செய்து, பெரியவர்களே ஆசையாக வாங்கிச் சேர்க்கிற ரகம். இரட்டைக் கத்தி சாமுராய்தான் அதில் நன்றாகப் போனது.

அந்தச் சாமுராய்க்குத்தான் ஐந்து மாதமாக, ஒவ்வொரு பௌர்ணமியன்றும், அருணாதேவி என்ற பெயரில் ஒரே ஒரு ஸ்டாருடன் விமர்சனம் வந்தது. 'கழுத்து திரும்பவில்லை.' 'கத்தி கையில் நிற்கவில்லை.' போன மாதம், 'முகத்தில் சிரிப்பே இல்லை.'

இன்னும் ஒரு ஒற்றை ஸ்டார் விழுந்தால் கடையை நீக்கிவிடுவோம் என்று விற்பனைத் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. இன்று மறுபடியும் பௌர்ணமி. மணிவேலிடம் சொல்லாமல், பார்சல் முகவரியைத் தேடிப் பிடித்து அவளே வந்துவிட்டாள்.

"நீங்கதானே அருணாதேவி?"

"அது என் சிநேகிதி பொண்ணு. போனை எங்கிட்ட குடுத்துட்டு வேலைக்குப் போயிருக்கா. நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்த வருவேன். வர்றப்ப அவ போன்லதான் வாங்கறது, எழுதறது எல்லாம்."

"எந்தக் கடைக்காரன் சொல்லிக்குடுத்து எழுதறீங்க? உண்மையச் சொல்லுங்க."

"ஐயோ, யாரும் சொல்லலம்மா." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "அதுக்குக் கீழ பதில் போடறது நீயா?"

"எங்க வீட்டுக்காரரு. ஒத்த ஆளா அத்தனை பார்சலும் கட்டிட்டு, அதுக்கப்புறம் உங்களுக்கு உக்காந்து எழுதறாரு. 'அம்மா, மன்னிச்சிடுங்க, கழுத்தைச் சுடுதண்ணியில ஒரு நிமிஷம் வெச்சா இளகிடும்'னு. ஒரு தடவையாவது கோவமா எழுதியிருக்காரா, சொல்லுங்க?"

"இல்லம்மா. தங்கமாத்தான் எழுதறாரு."

அந்த அம்மாவின் பார்வை கீதாஞ்சலியின் முகத்திலேயே நின்றது. திடுமென்று உள்ளே போய் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்க, குடி. கண்ணுக்குக் கீழ இன்னா இப்படிக் கறுத்துக் கெடக்குது? ரெண்டு பேரும் தூங்கறதே இல்லையா?"

குற்ற உணர்ச்சியில் பேசுகிறாள் என்று கீதாஞ்சலி நினைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா தூங்கறது? ஒத்தாசைக்கு ஆளில்ல. எங்க கல்யாணத்தோட அவரு வீட்டுல பேச்சே நின்னு போச்சு. அவங்க யாரையும் நான் பாத்ததுகூட இல்ல. இந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு." எவ்வளவு அடக்கியும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கையெடுத்துக் கும்பிடறேன். அந்த அஞ்சையும் அழிச்சிடுங்கம்மா."

அம்மா கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். வெளியே பாதையில் கிரிவலக் கூட்டத்தின் அரோகரா எழுந்து அடங்கியது.

"நான் எழுதினத அழிச்சா, கீழ அவரு எழுதினதும் போயிடுமா?"

"எல்லாமே போயிடும்."

"அத மட்டும் உட்டுவெக்க முடியாதா?"

"முடியாதும்மா. உங்களோடதுக்குக் கீழ இருக்கறதுதானே அது?"

அம்மா எழுந்து, சுவரிலிருந்த காலண்டரில் பழைய மாதத்தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "அழிச்சிடலாம். கொஞ்சம் பொறு."

போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். தான் சொன்ன குறைகளை அவள் எழுதவில்லை. 'மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்' என்று தொடங்கும் பதில்களை மட்டும், ஒரு கால், ஒரு கொம்பு விடாமல் பார்த்துப் பார்த்து எழுதினாள். ஐந்தும் முடிய அரை மணி நேரம் ஆயிற்று.

"இந்தா. எனக்குக் கை வராது. நீயே அழிச்சிடு."

கீதாஞ்சலி அவசர அவசரமாக ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியும் மறைந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அதோடு ஒரு சந்தேகமும் வந்தது.

"அதையெல்லாம் எதுக்கும்மா எழுதி வெச்சுக்கிட்டீங்க? எங்க மேல கேஸ் கீஸ் போடப் போறீங்களா?"

அந்தத் தாளை நாலாக மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அம்மா தலையை ஆட்டினாள்.

"கேஸ் இல்லம்மா. என் புள்ள எனக்கு எழுதினது இந்த அஞ்சுதான்."