பூனைக்கண்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அனந்தபுரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கைக்குழந்தையோடும் துணி மூட்டையோடும் அலமேலு அழுதுகொண்டிருந்தாள். அவளை ஒரேயடியாகப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வந்திருந்தான் கன்னியப்பன்.

“எனக்கும் கறுப்புக் கண்ணு, உனக்கும் கறுப்புக் கண்ணு. வெள்ளைக்காரன் போயே பதினஞ்சு வருசம் ஆவுது. புள்ளைக்கு மட்டும் பூனைக்கண்ணு எங்கேருந்துடி வந்துச்சு?”

அலமேலு மாமியார் அஞ்சலையிடம் திரும்பினாள். “அத்தை, நீங்களாவது சொல்லுங்க. நான் அப்படிப்பட்டவளா?”

அஞ்சலை பஸ் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேரன் பிறந்த நாளிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சாம்பல் நிறக் கண்களைப் பார்க்கும்போதெல்லாம் குழந்தையை மருமகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவாள். தெரிந்ததைச் சொல்லிவிட்டால் மகன் தாங்குவானா?

“அம்மாவே பேசல பாரு. ஏறுடி!” என்றான் கன்னியப்பன்.

கண்டக்டர் விசில் ஊதினார். அலமேலு படியில் கால் வைத்தாள். அவள் தோளுக்கு மேலே குழந்தை அஞ்சலையையே பார்த்தது.

அஞ்சலை ஓடிப்போய் மருமகளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

“உன்னைப் பெத்தவளுக்கும் இதே பூனைக்கண்ணுதான்டா.”

“இன்னாம்மா உளர்ற? உன் கண்ணு கறுப்புதானே?”

அஞ்சலை பேரனை வாங்கி மகனின் கையில் கொடுத்தாள்.

“புள்ளை உன்னுதுதான்டா, கன்னியப்பா. நீதான் என் வயித்துல பொறக்கல.”