முதல் வருஷ மாடல்

"செருப்பை அங்கனயே கழட்டிட்டு வாங்க" என்றாள் முனீஸ்வரி.

கார் பார்க்க வந்த மனுஷனைக் கோயிலுக்கு வந்தவன் மாதிரி வெறுங்காலோடு நடக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஈஸ்வரபாண்டி மனைவியை முறைத்துக்கொண்டே செருப்பை வாசலில் உதறினார். மைத்துனன் வீட்டு முற்றத்தில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஈரச் செம்மண்ணில் கால் அழுந்திப் பதிந்தது.

நடுவில் நின்றது மதன்குமாரின் புது வண்டி. மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார், தரையோடு தரையாகக் கிடந்தது. பார்த்ததுமே அவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பின்னே என்ன? இன்றைக்குப் போடியில் பெரிய ஏலக்காய் வியாபாரியாகிவிட்ட இந்த மதன்குமார் ஸ்டியரிங் பிடித்துப் பழகியதே அவருடைய ஜீப்பில்தான்.

வாங்கியதோடு விட்டானா? நாளைக்கு ஓவியாவுக்குக் கல்யாணம். பண்ணைப்புரத்திலிருந்து உத்தமபாளையம் மண்டபத்துக்குத் தாய்மாமன் காரில்தான் போவேன் என்று பெற்ற மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதில் இருப்பதே இரண்டு சீட்டு. ஊரே வேடிக்கை பார்க்கும்போது, பெற்ற அப்பன் பின்னால் ஜீப்பில் புழுதி குடித்துக்கொண்டு வரவேண்டுமாம்.

"எப்பிடி இருக்கு மச்சான்?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டான் மதன்குமார்.

"வண்டிக்கு என்ன மாப்ள, ஜோராத்தான் இருக்கு." ஈஸ்வரபாண்டி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது இந்த வருஷம் மாத்தி விட்ட மாடல்தான?"

"ஆமா மச்சான். இஞ்சின், கியர் பாக்ஸ், பாடி, எல்லாமே புதுசு. நம்ம ஜில்லாவுலயே இதான் மொத வண்டி."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார். ஒரு வாரமாகச் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துச் சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார்.

"அங்கனதான் தப்புப் பண்ணிட்ட. எல்லாத்தையும் மாத்துன வண்டியை மொத வருஷமே எவனாச்சும் வாங்குவானா? அதுல என்ன கோளாறு இருக்குன்னு கம்பெனிக்காரனுக்கே தெரியாது. வாங்குனவன் போயிச் சொன்னாத்தான் அவனே தெரிஞ்சுக்கிருவான். ஒரு ரெண்டு வருஷம் பொறுத்திருக்கணும் நீ."

"அதான் வாரண்டி குடுத்திருக்கானே மச்சான்."

"வாரண்டி வந்து வண்டியைத் தள்ளுமா? நின்னுச்சுன்னா கொச்சியில இருந்துல்ல ஆளு வரணும். என் ஜீப்பைப் பாரு. அந்த மாடல் நாலு வருஷம் ஊருல ஓடி, குத்தங்குறையெல்லாம் தீந்த பெறகு வாங்குனது. இன்னைக்கு வரைக்கும் ஒரு எடத்துல நின்னிருக்கா?"

மதன்குமார் தலையைச் சொறிந்தான். அந்த நேரம் பார்த்து, மாமன் வீட்டுக்கு நலங்குக்காக வந்திருந்த ஓவியா மருதாணிக் கையோடு வெளியே வந்தாள்.

"அப்பா, நான் மாமா கூட இதுலதான் வருவேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறாதீக" என்றவள் புறங்கையால் காரின் கதவைத் தடவினாள்.

அதைப் பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது. அப்பாவின் ஜீப்பை அவள் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை.

"போ தாயி, போ. பாதி வழியில இஞ்சின் சூடேறி நிக்கப் போகுது. பட்டுச்சேலையோட நடுரோட்டுல நில்லு. முகூர்த்தம் போனாப் போகட்டும்."

முனீஸ்வரியின் முகம் வெளுத்துவிட்டது.

"கல்யாணப் பிள்ளை போற வண்டியைப் பாத்து என்ன பேச்சுப் பேசுறீக? நெசமாவே நின்னுருமா?"

"நிக்கும். எழுதி வச்சுக்க."

அவள் கொஞ்ச நேரம் அவரையும் அவர் நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "அப்பிடின்னா இன்னைக்கே இதுக்கு ஒரு வழி பண்ணிப்புடணும். நீங்க போயி ஜீப்பைக் கழுவி வைங்க."

ஈஸ்வரபாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. பேசினால் இப்படிப் பேசவேண்டும் என்று தன்னையே மெச்சிக்கொண்டு வீடு வந்தார். வாளியில் தண்ணீர் எடுத்து ஜீப்பைத் தானே கழுவினார். பம்பருக்கு மல்லிகைச் சரம் கட்டினார். நாளைக்கு மகள் தன் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிறாள் என்று நினைத்தபோது, அந்தச் சீட்டை இன்னொரு தடவை துடைத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில், இரண்டு பேரையும் அழைத்துவர ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். மைத்துனன் வீட்டு கேட்டருகே புகை வந்தது. எட்டிப் பார்த்தார். மஞ்சள் கார் அதே இடத்தில்தான் நின்றது. ஓவியா கொட்டாங்குச்சி நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி இறுக மூடிய கையால் காரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

செட்டுக்குள் ஏற்றிப் பூட்டுவதற்கு முன்னால் திருஷ்டி கழிக்கிறார்கள் போல. கழிக்கட்டும், ஊர்க் கண் பொல்லாததுதான் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

"அக்கா, வெறும் உப்பும் மொளகாயும் போதுமா? பிள்ளை போற வண்டி. ஊர்க் கண்ணுக்கு முச்சந்தி மண்ணு கொஞ்சம் அள்ளிட்டு வரவா?" என்று கேட்டான் மதன்குமார்.

"வேணாம்டா தம்பி. ஒன் மச்சான் காலடி மண்ணு எடுத்தாச்சு, அது ஒண்ணு போதும்."