தட்டில் தெரியும் கதவு

1987 மார்ச். சுவிஸ் நகரமான ஷ்லீரனில் ஒரு உணவகத்தின் சமையலறை. வெளியே பனி கொட்டுகிறது. பிற்பகல் வெளிச்சம் அரிசி கழுவிய தண்ணீர்போல் கண்ணாடியில் தேங்கி நிற்கிறது. சிவானந்தராசா கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறார். தொட்டி சுவரோரம் இருப்பதால் வாசல் அவருடைய முதுகுப் பக்கம். அதனால் பெரிய எவர்சில்வர் தட்டொன்றைப் பளபளக்கத் தேய்த்து எதிரே சாத்தி வைத்து, அதில் கதவைப் பார்த்தபடியே வேலை செய்கிறார். முதலாளி அதைக் கண்டு சிரிப்பதுண்டு. இவர் ஈழத்தில் ஓர் இயக்கத்தில் இருநூறு பேருக்குத் தளபதியாக இருந்தவர் என்று முதலாளிக்குத் தெரியாது. போன வருடம் மற்ற இயக்கம் முகாமைச் சுற்றி வளைத்தபோது, “அவங்களும் எங்கடை பெடியள்தானே, ஒண்டும் செய்யாங்கள், துவக்குகளைக் குடுங்கோ” என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, தான் வள்ளம் ஏறித் தப்பியவர். துப்பாக்கிகளைக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை.

இன்று காலை வேலைக்குச் சேர்ந்த ஜெகதீஸ்வரன் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவுகிறான். தோல் ஒரே சீராக வாளிக்குள் விழுகிறது.

“மாறன் அண்ணை.”

“ஓம்.”

சொன்ன பிறகுதான் சிவானந்தராசாவின் கை நிற்கிறது. அது அவருடைய இயக்கப் பெயர். இந்த நாட்டில் அதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை.

தட்டுக்குள் தெரியும் கத்தியும் நிற்கிறது. “என்ரை தம்பி உங்கடை முகாமிலைதான் இருந்தவன். நீங்கள் சொல்லித்தான் துவக்கைக் குடுத்தவன்.”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

“எத்தினை மணிக்கு வேலை முடியும், அண்ணை?”

“ஒன்பதுக்கு.”

“எனக்கும் ஒன்பதுக்குத்தான். சேர்ந்து நடப்பம்.”

தோல் மறுபடியும் விழத் தொடங்குகிறது. சிவானந்தராசா கையை நீட்டி, கதவைப் பார்க்கச் சாத்தியிருந்த தட்டை எடுத்து, அழுக்குத் தட்டுகளோடு தண்ணீருக்குள் போடுகிறார்.